வாசகர் கேள்வி பதில்: நீலத் தொட்டிக்கு ஒரு ரோபோ

கேள்வி: என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். விடுமுறையில் இரண்டு நாள் ரோபோ ஹேக்கத்தான் இருக்கிறது, தலைப்பு கழிவு மேலாண்மை. தோழிகள் நான்கு பேர் சேர்ந்து, குப்பையைத் தானே தரம் பிரிக்கும் தொட்டி செய்யப்போகிறார்களாம். இரண்டு நாளில் இது நடக்கிற காரியமா?
– ஈசூன் வாசகி

பதில்: நடக்கும், கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்னால் நான்கு பேரையும் உங்கள் புளோக்கின் கீழே இருக்கும் நீல மறுபயனீட்டுத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கையை உள்ளே விட வேண்டாம், டார்ச் அடித்து எட்டிப் பார்த்து, என்னென்ன கிடக்கிறது என்று எழுதினால் போதும்.

நான் சில ஆண்டுகளாக இந்த மாதிரிப் போட்டிகளுக்கு வழிகாட்டியாகப் போய்வருகிறேன். வருகிற குழுக்களில் பெரும்பாலானவை இதே தொட்டியோடுதான் வருகின்றன, காகிதம் இந்தப் பக்கம், பிளாஸ்டிக் அந்தப் பக்கம், கேன் இன்னொரு பக்கம் என்று. பார்க்க அழகுதான். ஆனால் நம் சிங்கப்பூரில் வீட்டிலேயே அப்படிப் பிரிக்க வேண்டியதே இல்லை, நீலத் தொட்டியில் எல்லாவற்றையும் சேர்த்தே போடலாம், பிறகு நிலையத்தில் பிரித்துக்கொள்வார்கள். காரியத்தைக் கெடுப்பது ஈரமும் எச்சிலும். பாதி குடித்த பபிள் டீ ஒன்று கொட்டினால் போதும், பக்கத்தில் கிடக்கும் காகிதமும் அட்டையும் வீண். நீலத் தொட்டிகளில் விழுவதில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். உதவாதது எரி உலைக்குப் போகிறது. எரித்தால் கன அளவு 90 விழுக்காடு குறையும், மிஞ்சும் சாம்பல் படகேறி செமாக்காவ் தீவுக்குப் போய்ச் சேரும். 1999இல் செயல்படத் தொடங்கிய அந்தக் குப்பை நிரப்பும் இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் ஆகியிருக்கும்.

அதனால் பிரிக்கிற ரோபோவை விட்டுவிட்டு, உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற ரோபோவைச் செய்யட்டும். காலி பபிள் டீ கப் கையில் வைத்தால் கனமே தெரியாது, பாதி பானம் இருந்தால் 200 கிராமைத் தாண்டும். தொட்டி வாயில் ஒரு சின்னத் தட்டு, அடியில் எடை சென்சார், கட்டளை போட ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை, தட்டைச் சாய்க்க ஒரு செர்வோ மோட்டார், அவ்வளவுதான். எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். எடை குறைவென்றால் தட்டு சாய்ந்து உள்ளே தள்ளும், கூடுதலென்றால் சாயாமல் நின்று 'ஊற்றிவிட்டு வாங்க' என்று நான்கு மொழியிலும் சொல்லும். சரி, கண்ணாடிப் போத்தல் காலியாக இருந்தாலும் கனக்குமே? கனக்கும். அதற்குப் பொத்தான் வைப்பதா, கேமரா வைப்பதா என்று அவர்களே மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளட்டும், நடுவர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த டிராஷ்நெட் என்ற குப்பைப் படத் தொகுப்பை வைத்து, குப்பையின் வகையைச் சொல்லும் எங்கள் கேமராவுக்குப் பயிற்சி கொடுத்தோம். வீட்டில் வெள்ளை மேசையில் சரியாகச் சொன்னது. பள்ளி கேண்டீனில் வைத்தால் பாதிக்கு மேல் 'காகிதம்' என்கிறது. என்ன தப்பு?
– பொங்கோல் மாணவர், 15 வயது

பதில்: தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 2016இல் திரட்டிய அந்த 2,527 படங்களும் வெள்ளைப் பலகை மேல் ஒவ்வொரு பொருளாக வைத்து எடுத்தவை. உங்கள் மேசையும் வெள்ளை, அதனால் வீட்டில் பிழைத்துக்கொண்டது. அப்புறம் இன்னொன்று, அதில் காகிதத்துக்கு 594 படங்கள் இருக்கின்றன, பொதுக் குப்பைக்கு வெறும் 137. குழப்பம் வந்தால் அதிகம் பார்த்த பக்கமே சாய்கிறது. கேமராவை எங்கே மாட்டுவீர்களோ அங்கேயே, அதே விளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொரு வகைக்கும் நூறு படமாவது நீங்களே எடுங்கள். நசுக்கி எடுங்கள், சாம்பார் ஒட்டியதை எடுங்கள், பொருளே இல்லாத வெறும் தட்டையும் எடுத்து ஒரு வகையாகச் சேருங்கள். கேனுக்கு மட்டும் கேமரா தேவையே இல்லை, உலோகத்தை உணரும் இண்டக்டிவ் சென்சார் போதும். அது சில மில்லிமீட்டருக்குள் இருப்பதைத்தான் உணரும், அலுமினியம் என்றால் அதைவிடவும் கிட்டே வர வேண்டும், ஆகவே கேன் உருண்டு வரும் வழியைக் குறுகலாக வையுங்கள்.

கேள்வி: காலிப் போத்தலைக் கொடுத்தால் 10 காசு திருப்பித் தரும் திட்டத்துக்காக, போத்தல் வாங்கும் ரோபோ செய்யலாமா?
– ஜூரோங் வாசகர்

பதில்: வேண்டாங்க. 2026 ஏப்ரல் 1 என்று தேதி குறித்த அந்தத் திட்டத்தில் 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தல்களும் உலோகக் கேன்களும் அடங்கும், அவற்றை வாங்கிக்கொள்ள இயந்திரங்களும் அதிலேயே உண்டு. அட்டைப்பெட்டிப் பானம் அதில் சேரவில்லை. தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு நாம் எடுத்து நீட்டும் அந்தப் பாக்கெட் டிரிங்க்தான். மிச்சத்தைப் பிழிந்து, பெட்டியைத் தட்டையாக்கித் தரும் சின்ன இயந்திரம் ஒன்றை யாராவது செய்தால் எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.