பாதியில் விட்ட கணக்கு

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 34. காலை 9.30-க்கு உட்கார்ந்தால் நிமிர நேரமில்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தால் எதையும் முடித்த மாதிரியே இல்லை. ஒன்றைத் தொட்டதும் யாராவது வேறொன்று கேட்கிறார்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப். மிச்சத்தை வீட்டுக்குத் தூக்கிப் போகிறேன். முன்பு மாதிரி எனக்கு மனசு நிற்பதில்லையோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பழுது உங்கள் மனசில் இல்லை, வேலை வந்து விழுகிற விதத்தில் இருக்கிறது.

கொள்முதல் பதிவேட்டையும் ஜிஎஸ்டிஆர்-2பியையும் (சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தருகிற பட்டியல்) ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 62-வது வரியில் ஒரு நூல் பில் இடிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "அக்கா, அந்தச் சாயப்பட்டறை பேமென்ட் போயிடுச்சா?" என்கிறார். பார்த்துச் சொல்ல 2 நிமிஷம்தான் ஆகிறது. ஆனால் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் தேடும்போதும் அந்த நூல் பில் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்தால், எந்த பில்லில் என்ன சந்தேகம் என்பதே மறந்து, 50-வது வரியிலிருந்து மறுபடி பார்ப்பீர்கள்.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் புதிய வேலையும் சோடை போகிறது. 2018-இல் தெரசா க்ளோம்ப் என்பவரோடு சேர்ந்து செய்த ஆய்வில் ஒரு கைமருந்தும் கிடைத்தது. எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனவர்கள் குறுக்கே வந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்தார்கள்.

ஆகவே கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டுக் கட்டு வையுங்கள். யாராவது கூப்பிட்டால் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்: "வரி 62. நூல் பில் 2பியில் இல்லை. சப்ளையரிடம் கேட்கணும். அடுத்து 63." எழுதிய பிறகுதான் தலையை நிமிர்த்த வேண்டும். "ஒப்பிடுதல் பாக்கி" என்று மொட்டையாக எழுதினால் பிரயோஜனமில்லை. திரும்பி வந்ததும் கை எந்த வரிக்குப் போக வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். நான் சொல்வதில் இது ஒன்றை மட்டும் செய்தாலும் போதும்.

வாட்ஸ்அப் உங்கள் ஆபீஸில் வேலைக்கான கருவி, அணைத்து வைக்கச் சொல்ல முடியாது. ஆனால் காலை 10-லிருந்து 11.30 வரை பார்க்க மாட்டேன், அவசரம் என்றால் போன் பண்ணுங்கள் என்று குரூப்பில் போட்டுவிடலாம். முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தப்பான ரிட்டர்னைவிட ஒன்றரை மணி நேரத் தாமதம் அவருக்கும் மேல்தான். போன் கைப்பைக்குள் இருக்கட்டும். மேஜையில் கவிழ்த்து வைத்தாலும் கை தானாகப் போகும்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் மூளையைக் கேட்கிற வேலையை மட்டும் வையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணி வாக்கில் கண் சொருகுவது சோம்பேறித்தனமில்லை, உடம்பின் இயல்பு. வவுச்சர் கோப்பது, ஸ்கேன் பண்ணுவது, பாக்கி கேட்டு போன் போடுவது எல்லாம் அப்போதைக்கு. அப்புறம், மாலை 6 மணி டீயை விட்டுப் பாருங்கள். காபி, டீயில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் காலை 10 மணிக்குத்தான் அதன் வலி தெரியும்.

விற்பனை விவரம் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி, வரிக் கணக்கு முடிக்கும் 3பிக்கு 20 என்று கெடு ஓடுகிற மாசத்தில் எல்லா நாளும் இது நடக்காது. 10-ஆம் தேதி ஆபீஸே கொதிக்கும்போது ஒன்றரை மணி நேரம் கேட்காதீர்கள், அன்றைக்குத் துண்டுச்சீட்டு மட்டும் போதும்.

ஒன்று கேட்கிறேன். லீவு நாளிலும், பிடித்த விஷயத்திலும்கூட மனசு ஒட்டவில்லையா? தூக்கமோ பசியோ 2, 3 வாரமாகக் கெட்டிருக்கிறதா? அப்படியென்றால் துண்டுச்சீட்டு போதாது, டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு எல்லாமே இப்படிக் கவனம் சிதறுவதாக முகம் காட்டும். இவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

அப்படி எதுவும் இல்லையென்றால் 14-ஆம் தேதி 2பி வருகிறதே, அதற்கு மறுநாள் காலை 10 மணிக்கு ஆரம்பியுங்கள். முதல் சீட்டை இன்று சாயங்காலம் கிளம்பும்போதே எழுதலாம்: நாளைக்கு எந்த ஃபைலை முதலில் திறக்க வேண்டும் என்று. லேப்டாப் ஆபீஸிலேயே இருக்கட்டும்.