பழைய மினி கம்ப்யூட்டரும் அதன் முகப்பு எழுத்தும்: கேள்வி பதில்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய மினி கம்ப்யூட்டர்களைச் சேர்ப்பவர்களும், அவற்றின் லோகோவையும் திரை எழுத்தையும் இன்றைய ஃபான்ட்டாக மாற்ற நினைப்பவர்களும் கேட்டவை இவை. பெரும்பாலானோர் டெக் எனப்படும் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் பி.டி.பி, வேக்ஸ் வரிசை மெஷின்களைப் பற்றிக் கேட்டிருப்பதால் பதில்களும் அதையே சுற்றி வருகின்றன.

அம்பத்தூர்: எஸ்டேட்டில் ஒரு கம்பெனியை மூடுகிறார்கள் சார். பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர், முகப்பில் டிஜிட்டல் என்று போட்டிருக்கிறது. என்ன மாடல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முகப்பை நம்பாதீர்கள், பலகை மாற்றிப் பொருத்தியிருப்பார்கள். உள்ளே இருக்கும் கார்டுகளின் பிளாஸ்டிக் பிடியில் எம் என்ற எழுத்தும் நான்கு இலக்கமும் இருக்கும். எம்7264 என்றால் எல்.எஸ்.ஐ-11. எம்8186 என்றால் பி.டி.பி-11/23. எம்8190 இருந்தால் 11/73 அல்லது 11/83. எம்7606 இருந்தால் மைக்ரோவேக்ஸ் 2. எம்8265, எம்8266 ஜோடியாக இருந்தால் 11/34ஏ, அது யூனிபஸ் மெஷின், அதாவது கார்டுகளை இணைக்கும் தடம் (பஸ்) யூனிபஸ் வகை.

கார்டை உருவுவதற்கு முன் எந்த ஸ்லாட்டில் எது இருந்தது என்று படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கார்டிலும் உள்ள ஜம்பர், ஸ்விட்ச் நிலைகளையும் அப்படியே படம் எடுங்கள். இந்த வரிசை போய்விட்டால் திரும்பக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

விலை பேசும்போது மொத்த ரேக்காகப் பேசுங்கள். காயலான் கடையில் எடைக்குப் போனால் தங்கம் பூசிய விளிம்புக்காக கார்டு தனியே போய்விடும், கேபிளும் மேனுவலும் குப்பைக்குப் போகும். பாகம் எதுவும் இல்லாத சின்ன கார்டையும் விடாதீர்கள், ஏன் என்று கீழே தரமணிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். முகப்பு பூட்டின் சாவி தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். டெக் பெரும்பாலும் எக்ஸ்.எக்ஸ்.2247 என்ற ஒரே குழாய்ச் சாவியைத்தான் கொடுத்தது, நகல் கிடைக்கும்.

வேளச்சேரி: பி.டி.பி-11 ஒன்று வந்திருக்கிறது. பிளக்கைச் சொருகி ஒருமுறை ஆன் பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம். நிறைய மெஷின்கள் சாவது இந்த ஒருமுறையில்தான்.

முதலில் பின்பக்க லேபிளைப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 115 வோல்ட்டுக்கு அமைந்திருக்கும். மைக்ரோவேக்ஸ் போன்றவற்றில் மாற்ற ஸ்விட்ச் உண்டு, பழையவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பையே மாற்ற வேண்டும். சப்ளையை 230க்கு மாற்றிவிட்டு ஃபேனை மறந்துவிடுகிறார்கள். ஃபேன் லேபிளில் 115 என்று இருந்தால், அதற்கு எங்கிருந்து மின்சாரம் வருகிறது என்பதையும் பாருங்கள்.

பிறகு எல்லா கார்டையும் வெளியே எடுத்துவிட்டு பவர் சப்ளையைத் தனியாகச் சோதியுங்கள். வெறுமனே ஓட்டாதீர்கள், சில ஸ்விட்சிங் சப்ளைகள் லோடு இல்லாமல் நிலைக்காது. 5 வோல்ட்டுக்கு 1 ஓம் போட்டால் 5 ஆம்பியர், 25 வாட் வெப்பம். அதனால் 50 வாட் அலுமினிய ரெசிஸ்டரை ஹீட் சிங்க்கில் முறுக்கிப் பொருத்துங்கள். 12 வோல்ட்டுக்கு 10 ஓம், 25 வாட் போதும். இவையெல்லாம் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். 5 வோல்ட் கம்பியில் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் அளவு நின்றால்தான் கார்டைச் சொருக வேண்டும்.

பெரிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் பல வருஷம் சும்மா இருந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்துவிடும். கழற்றி எடுத்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக, அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டேஜுக்குப் படிப்படியாக ஏற்றுங்கள். கசிவு மின்னோட்டம் இறங்கிக்கொண்டே வர வேண்டும். சில மணி நேரத்துக்குப் பிறகும் இறங்காவிட்டாலோ, உடல் சூடானாலோ தூக்கிப் போடுங்கள். வேலை முடிந்ததும் ரெசிஸ்டர் வழியாகவே டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

டிம்மர்ஸ்டாட் (மெயின்ஸ் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து மெதுவாக ஏற்றுவது டிரான்ஸ்ஃபார்மர் வகை சப்ளைக்குச் சரி. ஸ்விட்சிங் வகைக்குத் தவறு. குறைந்த வோல்ட்டேஜில் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். அதற்கு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஷார்ட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மெயின்ஸ் ஃபில்டரில் மஞ்சள் ஒளிபுகும் உறை போட்ட பேப்பர் கெப்பாசிட்டர் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். உறையில் கீறல் விழுந்து நம்ம ஊர் ஈரம் உள்ளே போயிருக்கும். ஆன் செய்த சில நிமிடத்தில் வெடித்து வீடெல்லாம் புகையாகும். அதே மதிப்பில் எக்ஸ்2 வகை பாலிப்ரொப்பிலீன் போடுங்கள்.

மயிலாப்பூர்: கேபினெட்டைத் தொட்டால் விறுவிறு என்கிறது. கசிவா?

வீட்டு எர்த்தைப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எர்த் இல்லாதபோது மெயின்ஸ் ஃபில்டரின் கெப்பாசிட்டர்கள் கேபினெட்டை மெயின்ஸில் பாதி வோல்ட்டேஜுக்குத் தூக்கி வைக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போடும்வரை மெஷினைத் தொடாதீர்கள்.

திருவொற்றியூர்: கடல் பக்கத்து வீடு சார். கார்டு விளிம்பெல்லாம் மங்கிக் கிடக்கிறது. ரப்பர் போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது, தங்கப் பூச்சு உரிந்துவிடும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் சிந்தாத துணி போதும். பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும் சாக்கெட்டுகளை மாற்றத்தான் வேண்டும். நிக்கல் காட்மியம் பேட்டரி எங்கே இருந்தாலும் இன்றைக்கே கழற்றுங்கள், கசிந்தால் செம்புத் தடத்தையே தின்றுவிடும். முகப்புக்குப் பின்னால் ஒட்டிய ஃபோம் கரும்பசையாகியிருந்தால் மரக் குச்சியால் வழித்து எடுங்கள். தின்னர் படக்கூடாது, முகப்பு அச்சும் சேர்ந்து போய்விடும். பவர் சப்ளைக்குள் செத்த பல்லி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இந்த ஊரில் ஷார்ட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

தரமணி: அண்ணா, 11/23 ஆன் ஆகிறது, ஆனால் டெர்மினலில், அதாவது அதோடு இணைத்த திரை-கீபோர்டில், ஒன்றுமே வரவில்லை. சில நேரம் @ வருகிறது, டைப் பண்ணினால் கேட்கவில்லை.

@ என்பது கட்டளைக்குக் காத்திருக்கும் குறி, அது வந்தால் சிபியு உயிரோடு இருக்கிறது தம்பி. டைப் செய்வது போகவில்லை என்றால் சீரியல் கார்டின் கேபிளைப் பார். எம்8043 கார்டில் 10 பின் கனெக்டர் இருக்கும். 3ஆவது பின்னில் வெளியே வரும் டேட்டா, 8ஆவதில் உள்ளே போகும் டேட்டா, 2ஆவது கிரவுண்டு. 7ஆவது பின்னையும் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நீ சொல்லும் கோளாறுதான் வரும். 10ஆவதில் 12 வோல்ட் இருக்கிறது, அதைத் தொடாதே. ஐந்து வோல்ட் யூ.எஸ்.பி சீரியல் பலகையை நேராக இணைக்காதே, ஆர்.எஸ்-232 அளவு கொடுப்பதாக வாங்கு.

@ வந்ததும் 1000/ என்று டைப் செய். அந்த முகவரியில் இருப்பதைக் காட்டும். 777 என்று கொடுத்து ரிட்டர்ன் அழுத்து. பிறகு 1000ஜி, ஆங்கில ஜி. தன்னிடமே தாவும் ஒற்றைக் கட்டளை அது. ரன் விளக்கு எரிந்தபடியே இருந்து, ஹால்ட் (நிறுத்தும்) ஸ்விட்சைப் போட்டதும் 001000 என்று அச்சானால் சிபியுவும் மெமரியும் பேசிக்கொள்கின்றன.

நடுவில் ஸ்லாட் காலியாக விடாதே. குறுக்கீட்டு அனுமதி சிக்னல் கார்டுக்கு கார்டு கைமாறிப் போகிறது. காலி ஸ்லாட்டில் அது நின்றுவிடும். க்யூபஸ் என்ற இன்னொரு வகைத் தடத்தில் (உன் 11/23 அதுதான்) எம்9047, யூனிபஸ்ஸில் ஜி7273 என்ற சின்ன கார்டுகள் அந்த இடைவெளியை மூடத்தான். யூனிபஸ்ஸில் டி.எம்.ஏ கார்டை (சிபியு வழியாகப் போகாமல் மெமரியை நேராகத் தொடும் கார்டு) கழற்றிய இடத்தில் ஜி7273 போடவில்லை என்றால், பின்பலகையில் அந்த ஸ்லாட்டின் சிஏ1, சிபி1 பின்கள் இரண்டையும் ஒயர் ராப் செய்ய வேண்டும், அதாவது கம்பி சுற்றி இணைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நல்ல டிஸ்க் கன்ட்ரோலரைக் குற்றம் சொல்பவர்கள் அதிகம்.

குரோம்பேட்டை: ஆர்.கே.05 டிஸ்க் டிரைவ் இருக்கிறது. ஓட்டலாமா?

கடைசியாகச் செய்யுங்கள். ஃபில்டரின் ஃபோம் சிதைந்து தூளானால் அது நேராக டிஸ்க் மேல்தான் விழும், ஹெட் மோதிவிடும். மின்சாரம் போனால் ஹெட்டைப் பின்னுக்கு இழுக்கும் பேட்டரியும் புதிதாக இருக்க வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற கப்பி இல்லையென்றால் 1500 சுற்றுக்குப் பதில் 1250தான் வரும். அதுவரை டி.யூ.58 டேப் டிரைவாக நடிக்கும் மென்பொருளை லேப்டாப்பில் ஓட்டி சீரியல் வழியாக ஆர்.டி-11 என்ற டெக் ஆபரேட்டிங் சிஸ்டத்தை பூட் செய்யுங்கள். ஒரு கேசட் 256 கிலோபைட், மெதுவாக வரும், ஆனால் எதையும் கெடுக்காது.

தாம்பரம்: ஆர்.டி-11 கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறதே?

60 ஹெர்ட்ஸுக்கு அமைத்த சிஸ்டம். மெயின்ஸ் துடிப்பை எண்ணித்தான் நேரம் பார்க்கிறது. 50 ஹெர்ட்ஸுக்கு அமைத்த மானிட்டரைப் போடுங்கள். இங்கே மானிட்டர் என்பது திரை அல்ல, ஆர்.டி-11இன் மையப் புரோகிராம்.

பெரம்பூர்: இந்தியாவில் தயாரித்த மினி கம்ப்யூட்டர் ஏதாவது கிடைத்தால்?

ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல் 1969இல் டி.டி.சி-12 கொண்டுவந்தது, பி.டி.பி-8 போல 12 பிட். பின்னால் வந்த டி.டி.சி-316 16 பிட். 1978இல் ஐ.பி.எம் வெளியேறிய சமயத்தில் எச்.சி.எல் போன்ற நிறுவனங்களும் களமிறங்கின. டெக் மெஷினுக்கு உலகம் முழுக்க ஆவணமும் உதிரிபாகமும் இருக்கின்றன, இவற்றுக்கு மிகக் குறைவு. ஆகவே இப்படி ஒன்று கிடைத்தால் மின்சாரமே கொடுக்காதீர்கள். வரைபடத்தையும் பேப்பர் டேப்பையும் ரோமின் (நிலையான நினைவக சிப்) உள்ளடக்கத்தையும் முதலில் நகலெடுங்கள். என் கணக்கில் ஓடாத டி.டி.சி ஒன்று, ஓடும் பத்து மைக்ரோவேக்ஸை விட முக்கியம்.

கோடம்பாக்கம்: டிஜிட்டல் லோகோ எந்த ஃபான்ட்? டவுன்லோடு பண்ண முடியுமா?

எந்த ஃபான்ட்டும் இல்லை. ஏழு கட்டங்களுக்குள் கையால் வரைந்த எழுத்துகள் அவை, நிறுவனம் தொடங்கிய 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அருகில் இருக்கும் ஏதோ ஃபான்ட்டைப் போட்டுச் சுற்றிலும் கட்டம் வரைந்தால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்களும் உண்டு. எந்த மெஷினுக்குச் செய்கிறீர்களோ, அதே காலத்துப் பலகையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பலகையைக் கழுவுவதற்கு முன் ஸ்கேன் செய்யுங்கள், 1200 டி.பி.ஐ. மெல்லிய சி.ஐ.எஸ் ஸ்கேனர் கண்ணாடியைத் தொடாத எதையும் மங்கலாகத்தான் காட்டும், பழைய தடித்த சி.சி.டி ஸ்கேனர் தேடுங்கள். ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை வைத்து ஸ்கேன் செய்து அளவை ஒப்பிடுங்கள். இரண்டு திசையிலும் ஸ்கேனரின் அளவு சரியாக ஒத்துப்போகாது.

தானாக டிரேஸ் செய்யும் மென்பொருளை வழிகாட்டிக் கோடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மை கசிந்ததையும் கீறலையும் அது எழுத்தின் வடிவம் என்று நினைத்துப் புள்ளி வைக்கும். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் வரையும் மென்பொருளில் ஸ்கேனைப் பின்னணியில் போட்டு நீங்களே வரையுங்கள். நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி, வளைவின் மேல், கீழ், இட, வல உச்சியில் ஒவ்வொரு புள்ளி. கால்வட்டத்துக்கு, புள்ளியிலிருந்து நீண்டு வளைவைக் கட்டுப்படுத்தும் கைப்பிடியின் நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு.

ஐ இரண்டு முறை வருவதால் வரைய வேண்டியது ஆறு வடிவம்தான். கட்டங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் பாதியை ஒவ்வொரு எழுத்தின் இரு பக்கமும் ஓரமாகக் கொடுங்கள், முழு எண்ணாக வரும்படி. கெர்னிங் (குறிப்பிட்ட எழுத்து ஜோடிகளுக்கு மட்டும் இடைவெளியை மாற்றுவது) வேண்டாம். வெளிக்கட்டம், அதற்குள் எழுத்து, அதற்குள் எழுத்தின் வயிறு (உள்ளே இருக்கும் துளை) என மூன்று அடுக்கு. ஒவ்வொன்றும் முந்தையதற்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். இல்லையென்றால் எழுத்து மறைந்து கறுப்புக் கட்டம் மட்டும் நிற்கும். திசையைத் திருத்தும் கட்டளையை ஓட்டிவிட்டு வேலிடேட் செய்யுங்கள்.

ஓடிஎஃப், டிடிஎஃப் என்ற இரு ஃபான்ட் ஃபைல் வகைகளில் ஓடிஎஃப் ஆகவே வெளியிடுங்கள். டிடிஎஃப் வளைவை வேறு வகைக்கு மாற்றும். எழுத்தின் உயரத்தை 1000 அலகாகப் பிரித்த அளவிலிருந்து 2048க்குப் போகும்போது புள்ளிகள் முழு எண்ணுக்குத் தள்ளப்பட்டு இடைவெளி ஒன்றுக்கொன்று மாறும், ஏழு கட்டத்தில் அது கண்ணில் படும்.

அடையாறு: டெக்கின் விடி100 டெர்மினலின் திரை எழுத்தை ரோமிலிருந்து எடுத்தேன். ஒல்லியாக, புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

உங்கள் நகல் சரிதான். 2 கிலோபைட் ரோமில் 128 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் 16 பைட். ஆனால் டெர்மினல் ஒளிரும் ஒவ்வொரு புள்ளியையும் வலப்பக்கம் இன்னொரு புள்ளி அளவுக்கு நீட்டுகிறது. எட்டாவது பத்தியைக் கட்டத்தின் ஓரம்வரை தொடர்கிறது, கோடு வரையும் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்வது அதனால்தான். இரண்டையும் ஸ்கிரிப்ட்டில் செய்யுங்கள். புள்ளியும் சதுரமல்ல. வரிக்கு 800 புள்ளி, திரைக்கு 240 கோடு என்பதால் உயரம் அகலத்தைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒரு புள்ளிக்கு அகலம் 50, உயரம் 100 அலகு வைத்தால் எழுத்தின் அகலம் 500, மொத்த உயரம் 1000 என்று அழகாக அமையும். பிறகு ஒட்டிய செவ்வகங்களை ஒன்றாக்குங்கள். நீட்டியபின் மூலைவிட்டப் புள்ளிகளும் விளிம்பில் ஒட்டுவதால் பிழை வராது.

அண்ணா நகர்: பழைய மேக்கிலிருந்து நகலெடுத்த டைப் 1 ஃபான்ட் (அடோபியின் பழைய ஃபான்ட் வகை) எல்லாம் 0 பைட் காட்டுகிறது.

அந்த ஃபான்ட்டின் வரைகோடு ஃபைலின் ரிசோர்ஸ் பகுதியில் (மேக் ஃபைலுக்கு மட்டும் இருக்கும் இரண்டாவது பகுதி) இருக்கிறது. பென் டிரைவில் நகலெடுக்கும்போது அது விடுபட்டுப் போகும். மூல டிஸ்க்குக்குத் திரும்பி, மேக்கிலேயே ஸ்டஃபிட் அல்லது மேக்பைனரி என்ற ஒற்றை ஃபைலாகக் கட்டி எடுத்து வாருங்கள். அடோபி தன் மென்பொருளில் டைப் 1 ஆதரவை 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

வடபழனி: உடைந்த முகப்பு எழுத்தை ஸ்டிக்கர் கட்டிங் கடையில் கொடுத்துச் செய்யலாமா? விற்கலாமா?

செய்யலாம். ஃபான்ட் ஃபைலைக் கொடுக்காதீர்கள், பழைய கோரல்டிராவில் வேறு எழுத்தாக விழுந்துவிடும். கர்வ் ஆக்கி பி.டி.எஃப்பாகக் கொடுங்கள், மொத்த அகலத்தை மில்லிமீட்டரில் தாளில் எழுதி ஒட்டுங்கள், வெட்டியதும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். அச்சு அக்ரிலிக்கின் பின்பக்கம் இருந்தால் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் மெஷினைச் சீராக்க ஒன்று செய்துகொள்வது வேறு, லோகோவை டி-ஷர்ட்டில் போட்டு விற்பது வேறு. டெக்கை 1998இல் காம்பாக் வாங்கியது, காம்பாக்கை 2002இல் எச்.பி வாங்கியது. நிறுவனம் மறைந்ததால் வணிகச் சின்னமும் மறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சைதாப்பேட்டை: ஒரு அறை வீடு. ஆறடி ரேக் வைக்க இடமில்லை. ஆசை மட்டும் இருக்கிறது.

ராஸ்பெரி பையில் ஓடும் பிடிபி-11 கிட் வாங்கிச் சாலிடர் செய்யுங்கள். விளக்கும் ஸ்விட்சும் உண்மையானவை, உள்ளே சிம்எச் எமுலேட்டர். ஆர்.டி-11ம் பழைய யூனிக்ஸும் அதில் ஓடும். ஸ்விட்ச் போட்டு ஒரு புரோகிராமை ஆக்டல் எனப்படும் எட்டடிமான எண்களில் ஏற்றத் தெரிந்துகொண்ட பிறகு, உண்மையான மெஷின் வந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.