மூன்ஸ்டர்லாந்தில் மிதிவண்டியில் கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஜெர்மனியின் வடமேற்கில், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய மூன்ஸ்டர்லாந்து சமவெளியில், ‘நூறு கோட்டை வழி’ என்ற பெயரில் ஏறத்தாழ 960 கி.மீ. நீளமுள்ள மிதிவண்டிப் பாதை ஒன்று இருக்கிறது. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கு சுற்றுகளாக அது பிரிகிறது. பல கோடைகளில் அந்தப் பாதையில் சுற்றியவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒருவர்): நம் ஊரில் கோட்டை என்றால் செஞ்சியைப் போல மலைமேல் இருக்கும். மலையே இல்லாத இடத்தில் இத்தனை கோட்டைகள் எப்படி வந்தன?

மலை இல்லாததுதான் காரணம். எதிரியைத் தடுக்கக் குன்று கிடைக்காத இடத்தில் தண்ணீரைத்தான் அரணாக்க வேண்டியிருந்தது. மூன்ஸ்டர்லாந்தின் நடுப்பகுதி களிமண் நிலம். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். சிற்றாறுகள் மெதுவாக ஓடும். ஆற்றை மறித்து அகழியில் நீரைத் தேக்கி, நடுவில் ஒரு திட்டை உயர்த்தி, அதன்மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். 1803 வரை இந்தப் பகுதியை ஆட்சி செய்தவர் மூன்ஸ்டரின் ஆயர் (பிஷப்). ஆன்மிகத் தலைவரும் அவரே, அரசரும் அவரே. அவருக்குக் கீழிருந்த குறுநிலக் குடும்பங்கள் ஆளுக்கொரு நீர்க்கோட்டை வைத்திருந்ததால் எண்ணிக்கை இவ்வளவு பெருகியது.

லூடிங்ஹவுசன் ஊரில் உள்ள ஃபிஷரிங் கோட்டையைப் பார்த்தால் இது உடனே விளங்கும். உள்ளூர்ப் பிரபுக்களை அடக்கிவைக்க 1271-இல் ஆயர் கெர்ஹார்ட் கட்டத் தொடங்கிய கோட்டை அது. ஸ்டேவர் ஆற்று நீர் நிறைந்த அகழிக்குள் இரண்டு தீவுகள் உள்ளன. ஒன்றில் குதிரை லாயமும் களஞ்சியமும், மற்றொன்றில் வட்டமாக வளைந்த மதிலும் வீடும். 1521-இல் தீப்பிடித்து எரிந்தபின் பழைய மதிலின்மேலேயே மறுபடி எழுப்பினார்கள்; இன்று நாம் பார்ப்பது அதைத்தான். காலை எட்டு மணிக்கு முன்பே போய் மிதிவண்டியைப் பாலத்தின் ஓரம் நிறுத்திவிட்டு நில்லுங்கள். காற்று எழாத அந்த நேரத்தில் செங்கல் சுவர் அகழியில் தலைகீழாக, ஓட்டை உடைசல் இல்லாமல் அப்படியே விழுந்து கிடக்கும்.

கேள்வி (ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து, 58 வயதான அம்மையார்): எனக்குப் பழக்கம் குறைவு. நாளொன்றுக்கு எத்தனை கி.மீ. வைத்துக்கொள்ளலாம்? 960 கி.மீ. முழுவதும் போகத்தான் வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். முழுவதையும் முடித்தே தீருவேன் என்று கிளம்பியவர்கள் கடைசியில் கோட்டைகளைக் கணக்குக்காகப் பார்த்துவிட்டு வந்ததைக் கண்டிருக்கிறேன். உங்களுக்கு மூன்று நாள் போதும்.

முதல் நாள் மூன்ஸ்டரிலிருந்து ரூஷ்ஹவுஸ், ஹூல்ஸ்ஹோஃப் வழியாக ஹாவிக்ஸ்பெக் வரை போகலாம். இருபது, இருபத்தைந்து கி.மீ.க்கு மேல் வராது. ரூஷ்ஹவுஸ், கட்டடக் கலைஞர் யோஹான் கொன்ராட் ஷ்லவுன் 1745 முதல் 1749 வரை தமக்காகக் கட்டிக்கொண்ட வீடு. முன்பக்கம் வைக்கோல் வண்டி நுழையும் பெரிய கதவுடன் பண்ணை வீடுபோலத் தோன்றும். தோட்டத்துப் பக்கம் சுற்றிவந்து பார்த்தால் அதே வீடு மாளிகையாக மாறி நிற்கும். கவிஞர் அன்னெட்டெ ஃபோன் ட்ரோஸ்டெ-ஹூல்ஸ்ஹோஃப் 1797-இல் ஹூல்ஸ்ஹோஃப் கோட்டையில் பிறந்தவர். தந்தை இறந்தபின் 1826-இல் தாயுடனும் தமக்கையுடனும் ரூஷ்ஹவுஸுக்குக் குடிவந்தார். பழைய 20 மார்க் தாளில் இருந்த முகம் அவருடையதுதான். பிறந்த வீட்டுக்கும் வாழ்ந்த வீட்டுக்கும் இடையிலான சில கி.மீ. தூரம் இன்றும் வயலும் மரவேலியுமாகவே இருப்பதால், இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் கடக்கச் சொல்வேன்.

இரண்டாம் நாள் ஹாவிக்ஸ்பெக்கிலிருந்து லூடிங்ஹவுசன், சுமார் 35 கி.மீ. வழியில் பவும்பெர்கெ என்ற குன்றுகள் வரும். அவற்றின் உச்சியே 190 மீட்டரைத் தொடாது. ஓரமாகப் போனால் அந்த ஏற்றமும் குறையும். மூன்றாம் நாள் பத்து கி.மீ.க்குள் நோர்ட்கிர்ஷன் மாளிகை. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள காப்பெல்லெ நிலையத்தில் ரயிலேறினால் மூன்ஸ்டர் திரும்பிவிடலாம். கால் தாங்கினால் மிதிவண்டியிலேயே திரும்பலாம்.

கேள்வி: வழி தவறாமல் போவது எப்படி? கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்ட எனக்குப் பயம்.

கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். மூன்ஸ்டர்லாந்து இருக்கும் நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் மிதிவண்டிக்கான வழிகாட்டிப் பலகைகள் வெள்ளை நிறத்தில், சிவப்பு எழுத்தில் ஊர்ப்பெயரும் தூரமும் தாங்கி நிற்கும். கோட்டை வழியின் சின்னம் அவற்றுக்குக் கீழே சிறு சதுரத் தகடாகத் தொங்கும். இவற்றோடு சந்திகளுக்கு எண் இடும் முறையும் உண்டு. புறப்படும்போது நான்கைந்து சந்தி எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் அன்றைய வழி முடிந்தது. இதை முதலில் 1995-இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் கொண்டுவந்தவர் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பாதைச் சந்திகளுக்கு எண் இடும் பழக்கத்தை வெளியே எடுத்துவந்தார்.

ஊர்ப்பெயர் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தைப் பார்த்து ‘ரேஸ்ஃபெல்ட்’, ‘கோயஸ்ஃபெல்ட்’ என்று சொன்னால் அங்குள்ளவர்கள் ஒரு கணம் விழிப்பார்கள். அந்தப் பகுதியின் இத்தகைய பெயர்களில் உயிரெழுத்துக்குப் பின்வரும் ‘e’ என்ற எழுத்து அதை நீட்டவே பயன்படுகிறது. ஆகவே அவை ராஸ்ஃபெல்ட், கோஸ்ஃபெல்ட். மிதிவண்டியை ‘லேட்சே’ என்றும், வயலூடே போகும் ஒற்றைத்தடத்தைப் ‘பெட்கெ’ என்றும் சொல்வார்கள்.

கேள்வி: எல்லாக் கோட்டைகளுக்குள்ளும் நுழைய முடியுமா?

முடியாது. பலவற்றில் இன்றும் பழைய குடும்பங்களே வசிக்கின்றன. லூடிங்ஹவுசனில் இருக்கும் மூன்று கோட்டைகளில் ஒன்றான காக்கெஸ்பெக்கும் தனியார் உடைமைதான். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர வேண்டும். கதவு திறந்திருக்கிறதே என்று முற்றத்துக்குள் வண்டியை ஓட்டிப் போகக் கூடாது. ஃபிஷரிங்கிலும் ஹூல்ஸ்ஹோஃபிலும் அருங்காட்சியகம் உண்டு. 1703-இல் தொடங்கி 1734 வரை கட்டப்பட்ட நோர்ட்கிர்ஷன், பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய் அரண்மனையை நினைவூட்டும்படி ‘வெஸ்ட்ஃபாலியாவின் வெர்சாய்’ என்று பெயர் பெற்றது. இன்று அது மாநிலத்தின் நிதித்துறைக் கல்லூரி. வரி அதிகாரிகளாகப் போகும் மாணவர்கள் அகழிப் பாலத்தில் புத்தகப்பையுடன் நடப்பதைக் காணலாம். பூங்காவில் யாரும் உலவலாம். உள்ளறைகளை வழிகாட்டியுடன்தான் பார்க்க இயலும். திங்கட்கிழமை ஜெர்மனியின் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை நாள் என்பதால், அன்று நீண்ட தூரம் ஓட்டுவதாகத் திட்டமிடுங்கள்.

கேள்வி: சமவெளிதானே, கியர் இல்லாத வண்டி போதாதா?

போதும் என்று நானும் நினைத்துத்தான் ஒருமுறை போனேன். அங்கே ஏற்றம் என்பது காற்றுதான். பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். திறந்த வயலில் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டால், மலை போல ஒரு உச்சியில் முடியாமல் மாலைவரை கூடவே வரும். ஆகவே குறைந்தது ஏழு கியர் உள்ள வண்டியை எடுங்கள். மின்னுதவி வண்டியானால் 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிடும் வகைக்கு உரிமம் தேவையில்லை.

வாடகை வண்டியின் ட்யூபில் எந்த வால்வு இருக்கிறது என்பதை ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். அங்கே சாதாரண வண்டிகளில் நம் ஊர் சைக்கிள்களில் இருக்கும் அதே வகையும், பந்தய வண்டிகளின் மெல்லிய வகையும், கார் வகையும் கலந்து கிடக்கும். என்னிடம் பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் இருந்தும், பம்பின் வாய் வால்வுக்குப் பொருந்தாமல் ஒரு மாலை நான்கு கி.மீ. வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறேன்.

கேள்வி (டார்ட்முண்டிலிருந்து): ஏழு வயது மகளுடன் போகலாமா?

தாராளமாக. எட்டு வயது நிறையாத குழந்தை சாலையில் ஓட்டக் கூடாது. நடைபாதையிலோ சாலையிலிருந்து தனியாகப் பிரித்த மிதிவண்டிப் பாதையிலோதான் ஓட்ட வேண்டும். நடைபாதையில் நீங்களும் அவளுடன் சேர்ந்து ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. தலைக்கவசம் கட்டாயமில்லை என்றாலும் அவளுக்குப் போட்டுவிடுங்கள். வயல் பாதையில் கார் அரிது. ஆனால் அறுவடைக் காலத்தில் வரும் டிராக்டர் பாதையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஒதுங்கி, இறங்கி நிற்பதே நல்லது. டார்ட்முண்டிலிருந்து லூடிங்ஹவுசனுக்கு நேரடி வட்டார ரயில் இருக்கிறது. வண்டிக்குத் தனிச் சீட்டு வாங்குங்கள். இடத்துக்கு முன்பதிவு இல்லாததால் ஞாயிறு காலை நெரிசலைத் தவிருங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

மே மாதமும் ஜூன் முதல் பாதியும். மே முதல் பாதியில் கடுகு போன்ற ரேப்ஸ் பூ மஞ்சளாக விரிந்திருக்கும்; ஜூன் 24 வரை வெள்ளை அஸ்பாரகஸ் என்ற காய்கறியைப் பண்ணை வாசலிலேயே விற்பார்கள். ஆகஸ்டைப் பலரும் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அதற்குள் மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டிப் பாதையின் இருபுறமும் சுவராக எழுந்துவிடும். இருநூறு மீட்டரில் கோட்டை இருந்தாலும் கூரைகூடத் தெரியாது.