கேளுங்க சொல்றேன்: மைன்ஸ்வீப்பர் லக்கா, மூளையா?

கேள்வி: பழைய விண்டோஸ்ல இருந்துச்சே மைன்ஸ்வீப்பர், ஒளிஞ்சிருக்குற குண்ட தொடாம கட்டம் கட்டமா திறக்குற கேம், எங்க வீட்டுக்காரர் இப்ப அத போன்லயும் விடாம ஆடுறாரு. கேட்டா மூளைக்கு வேலையாம். நான் எத தட்டுனாலும் குண்டு வெடிக்குது, இதுல எங்கங்க மூளை? – வாசகி, கும்பகோணம்

பதில்: முக்கால்வாசி அவர் பக்கம்தாங்க நியாயம். கட்டத்துல வர்ற நம்பர், சுத்தி இருக்குற 8 கட்டத்துல எத்தனை குண்டுன்னு சொல்லுது, அவ்வளவுதான் ரூல். வரிசையா 1, 2, 1னு வந்து அதுங்களுக்கு மேல் வரிசை மட்டும் திறக்காம இருக்குன்னு வைங்க. 2க்கு நேர் மேல குண்டு இருந்தா ரெண்டு பக்கத்து 1க்கும் கணக்கு அதோட முடிஞ்சுடும், அப்புறம் 2க்கு இன்னொரு குண்டு எங்க வைப்பீங்க? இடமே கிடையாது. அதனால 2க்கு மேல தைரியமா தட்டலாம், ரெண்டு 1க்கு மேலயும் இங்க குண்டுன்னு அடையாளமா கொடி நட்டுடுங்க. இத ஒருதடவ பிடிச்சுட்டா வீட்டுக்காரர்கிட்ட இருந்து போன பிடுங்கிடுவீங்க. இன்னொன்னு, பழைய விண்டோஸ்ல முதல் கிளிக்ல வெடிக்கவே வெடிக்காது, அங்க குண்டு இருந்தா அதுவே வேற கட்டத்துக்கு தூக்கி வச்சுடும். அந்த முதல் கிளிக்க மூலையில போடுங்க, சுத்தி குண்டே இல்லன்னா பக்கத்து கட்டமும் தானா திறக்கும், மூலைக்கு பக்கத்துல 3 கட்டம்தான்ங்கறதால எக்ஸ்பர்ட்ங்கற கஷ்டமான லெவல்ல கூட பாதிக்கு பாதி சான்ஸ்ல பெரிய இடமா திறக்கும், நடுவுல போட்டா 16 சதவீதம்தான்.

கேள்வி: எக்ஸ்பர்ட்ல எல்லாம் முடிச்சு கடைசி ரெண்டு கட்டத்துல செத்துப்போறேன் சார். வழி இருக்கா? – வாசகர், ஈரோடு

பதில்: 480 கட்டத்துல 99 குண்டு, அஞ்சுல ஒண்ணு குண்டுன்னா சும்மாவா. மேல சிவப்புல மிச்ச குண்டு எண்ணிக்கை ஓடும்ல, அத பாருங்க, பல சமயம் அதுவே விடைய சொல்லிடும், ஆனா நீங்க நட்ட கொடிய கழிச்சுத்தான் அது காட்டும், கொடி தப்புன்னா நம்பரும் தப்பு. அதுவும் உதவலன்னா அது சுத்தமான பிப்டி பிப்டி, எவ்வளவு நேரம் முறைச்சாலும் மாறாது, அந்த மாதிரி இடத்த கடைசி வரைக்கும் சேமிச்சு வைக்காம முன்னாடியே தட்டிடுங்க, போனா சீக்கிரம் போகட்டும். ஒரு பலகையில போட்டிருக்குற நம்பர்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுமான்னு கண்டுபிடிக்கிறதே என்பி கம்ப்ளீட்ங்கற கஷ்டமான கணக்கு வகைன்னு ரிச்சர்ட் கேங்கற கணித ஆளு 2000ல நிரூபிச்சுட்டாரு, அதனால ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க.

கேள்வி: புது லேப்டாப்ல கேமையே காணோமே? – வாசகர், நாகர்கோவில்

பதில்: விண்டோஸ் 8ல இருந்து கூடவே வர்றதில்ல, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல ஃப்ரீயா இறக்கிக்கலாம். விளம்பரம் வரும், சகிச்சுக்கோங்க.