கிட் காருக்கு ஆயில் சேம்பரை வெட்டிக் குறைத்தால் மலை ரோட்டில் பிரஷர் விழுமா?

பாகங்களை வாங்கி நாமே கட்டும் கிட் காரில் மாருதி ஜிப்ஸி எஞ்சினை வைக்கிறீர்கள்; எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சேம்பரை வெட்டினால், கொண்டை ஊசி வளைவிலும் சரிவிலும் ஆயில் ஒதுங்கிப் பிரஷர் விழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டலாம், தாராளமாக. ஜிப்ஸி எஞ்சினை லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி தாழ்வான பானெட்டுக்குள் வைத்தால், நீங்கள் சொன்னபடி சேம்பர் சேஸிஸ் குழாய்க்குக் கீழே 4 செ.மீ. தொங்கத்தான் செய்யும். எஞ்சினைத் தூக்கி வைத்தால் பானெட் மூடாது, எடையும் மேலே ஏறிவிடும். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் ரோடுகளைப் பார்த்திருப்பீர்கள், நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு கல் போதும் சேம்பரைக் கிழிக்க.

ஆனால் கொண்டை ஊசி வளைவுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால் ஆயில் மட்டம் பக்கவாட்டில் சுமார் 17 டிகிரிதான் சாயும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி இறங்கும் ரோட்டுச் சரிவு என்றால் 5 டிகிரிகூட இல்லை. இறக்கத்தில் பிரேக்கை அழுத்துவதுதான் வில்லங்கம். வேகம் புவியீர்ப்பில் 0.7 பங்கு வீதத்தில் குறைகிற மாதிரி பிரேக் பிடித்தால் அதுவே 35 டிகிரி, அதோடு ரோட்டின் சரிவும் சேர்ந்து மொத்த ஆயிலும் முன்பக்கம் ஓடிவிடும், பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுத்துப் பிரஷர் விழும். பஸ்ஸில் டீ டம்ளரோடு உட்கார்ந்தவருக்கு ஏற்றத்தில் சிந்தாது, டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால்தான் மடியில் கொட்டும், அதே கதைதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தின் 36 வளைவுகளிலும் வளைவை விட அதற்கு முன்னால் பிடிக்கிற பிரேக்தான் ஆயிலை அலைக்கழிக்கும்.

அதனால் முதலில் கொள்ளளவு. அடித்தட்டு 25-க்கு 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 4 செ.மீ. வெட்டும்போது 2 லிட்டர் இடம் போகிறது, சிறிய எஞ்சினுக்கு அது பெரிய பங்கு. அதைப் பக்கவாட்டில் சிறகு வைத்துத் திரும்ப எடுக்க வேண்டும். 25 செ.மீ. நீளம், 7 அகலம், 6 ஆழத்தில் இரண்டு பக்கமும் பெட்டி வைத்தால் கணக்கு சரியாகிவிடும், ஆனால் தகரம் வெட்டும் முன் ஸ்டியரிங் ராடும் சைலன்சர் பைப்பும் எந்த வழியாகப் போகின்றன என்று அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். எஞ்சினுக்குச் சொன்ன அளவு ஆயிலை ஊற்றினால் மட்டம், சேம்பருக்கு மேலே சுழலும் கிராங்க் தண்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும். தொட்டால் நுரைத்துவிடும், நுரையைப் பம்ப் இழுத்தால் பிரஷர் நிற்காது.

அடுத்தது ஸ்ட்ரெய்னரைச் சுற்றித் தடுப்பு, அதாவது பம்ப் ஆயிலை உறிஞ்சும் குழாயின் நுனியில் இருக்கும் வடிகட்டியைச் சுற்றி. நாலு பக்கமும் தகரச் சுவர், அதில் உள்பக்கம் மட்டும் திறக்கும் சின்னக் கதவுகள், கீல் கொஞ்சம் லூசாகவே இருக்கட்டும். ஆயில் உள்ளே வரும், பிரேக் போட்டால் வெளியே ஓடாது. கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால் பக்கவாட்டுக் கதவுகளை விட்டுவிடாதீர்கள், டிராக்கின் நீண்ட வளைவுகள் மலை வளைவு மாதிரி இல்லை, ஆயில் அதிக நேரம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். டைப் அப்ரூவல் (அந்த மாடலுக்கான சோதனைச் சான்று) இல்லாத வண்டிக்கு ஆர்டிஓ-வில் நம்பர் வாங்குவது நடக்கிற காரியமில்லை, ஆக டிராக்கும் எஸ்டேட்டின் சொந்த ரோடும்தான் உங்களுக்கு வழி.

சேம்பரைக் குறைத்த அளவுக்கு ஸ்ட்ரெய்னர் குழாயையும் குறைக்க வேண்டும். அடித்தட்டிலிருந்து 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஸ்ட்ரெய்னரில் களிமண் உருண்டை ஒட்டி, சேம்பரை மாட்டிக் கழற்றினால் இடைவெளி தெரிந்துவிடும். அந்தக் குழாயின் ஒட்டு மட்டும் ரொம்ப முக்கியம், அது உறிஞ்சும் பக்கம் என்பதால் மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, உள்ளே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்.

வெல்டிங்குக்கு முன் ஆயில் பிசுக்கு முழுவதும் போக வேண்டும். தகரச் சேம்பர் சூட்டில் முறுக்கிக்கொள்ளும், அதனால் பழைய எஞ்சின் பிளாக் ஒன்றில் எல்லா போல்ட்டையும் போட்டு இறுக்கிய பிறகு ஆர்கான் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். ஆறியதும் வெளிப்பக்கத்தில் சாக்பீஸ் தேய்த்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள், ஓட்டை இருக்கிற இடத்தில் ஈரம் பூக்கும். பேக்கிங்கோடு சிலிக்கான் பேஸ்ட்டை அப்ப வேண்டாம், உள்பக்கம் பிதுங்கினது எல்லாம் ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும்.

அப்புறம் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் பழைய கோடு இனி செல்லாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அளந்து ஊற்றி, புதுக் கோடு போடுங்கள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கை நம்பாமல் முள் வைத்த பிரஷர் மீட்டர் ஒன்று மாட்டிவிடுங்கள், விளக்கு எரியும்போது பிரஷர் கிட்டத்தட்டப் போயே போயிருக்கும். முதல் ஓட்டத்தில் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, பிரேக் பிடிக்கும் நேரத்தில் முள் துடிக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.