ரெமிஷன் வந்த பிறகும் எதற்கு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை?

கேள்வி: எனக்கு வயது 36. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு மூன்றாவது மாதமாகக் கீமோ எடுத்து வருகிறேன். நோயைக் கண்டுபிடித்தபோது ஒரு தடவை, முதல் கட்ட கீமோ முடிந்ததும் ஒரு தடவை என்று இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். முதல் தடவை பட்ட வலியை மறக்கவே முடியவில்லை. இரண்டாவது தடவை ஊசியை எடுப்பதற்கு முன்பே உடம்பு நடுங்கிவிட்டது. ரெமிஷன் வந்துவிட்டது, அதாவது நோய் அடங்கியிருக்கிறது, பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் 2 சதவீதம்தான் என்றார்கள். இப்போது மறுபடியும் மஜ்ஜை எடுக்க வேண்டும் என்கிறார்கள். ரத்தப் பரிசோதனையிலேயே பார்க்க முடியாதா? திரும்பத் திரும்ப எடுத்தால் எலும்புக்குக் கெடுதல் வராதா? வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்?

பதில்: வலியிலிருந்து தொடங்குகிறேன். அதை நீங்கள் ஒரு கேள்வியாகக் கேட்கவில்லை, நடந்ததாக மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் மற்ற மூன்று கேள்விகளும் அதிலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன். வலி சரியாகக் கவனிக்கப்பட்டிருந்தால் மூன்றாவது தடவையை இவ்வளவு பயத்தோடு எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்தப் பரிசோதனையில் வரும் வலி ஒரே வலி இல்லை. முதலில் தோலை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஊசி. அது உள்ளே இறங்கும்போது சில நொடிகள் சுரீரென்று எரியும். அடுத்தது எலும்பின் மேலுறை. எலும்பில் நரம்புகள் மிக அடர்த்தியாக இருப்பது அங்கேதான், அதனால் தோலுக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. ஊசியை எலும்பு வரை இறக்கி, மேலுறையில் ஒரே புள்ளியில் நிறுத்தாமல் சுற்றிலும் சில இடங்களில் மருந்தைப் பரப்ப வேண்டும். அப்புறம் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரமாக நடக்கும் இடங்களில் இந்தக் காத்திருப்புதான் முதலில் காணாமல்போகிறது. மருந்து போட்ட உடனே பெரிய ஊசியை இறக்கினால் வலிக்கத்தான் செய்யும். உங்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு என்று அதற்குப் பொருள் இல்லை. தொடங்கும் முன் ஊசி முனையால் எலும்பைத் தொட்டுப் பார்த்து, "அழுத்துவது தெரிகிறதா, குத்துவது தெரிகிறதா?" என்று மருத்துவர் கேட்பார். அழுத்தம் தெரியலாம். குத்துவது தெரிந்தால் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

மூன்றாவது, மஜ்ஜையை உறிஞ்சும் நொடி. இதற்கு லோக்கல் மருந்து எட்டாது. எலும்புக்குள் அழுத்தம் திடீரென்று குறைவதால் வரும் வலி இது. சிலருக்குத் தொடை வரை இறங்கும். ஆனால் உறிஞ்சி முடித்ததும் அடங்கிவிடும், பெரும்பாலும் சில நொடிகள்தான். "இழுக்கப் போகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரத்தில் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். எப்போது வரும் என்று தெரியாத வலியைவிட, தெரிந்து வரும் வலி தாங்கக்கூடியதாக இருக்கிறது.

லோக்கல் மட்டும் போதவில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. மிடசோலம் போன்ற மருந்தைச் சிரை வழியாகக் கொடுத்தால் பதற்றம் குறையும், நடந்ததும் பெரும்பாலும் மங்கலாகத்தான் நினைவில் நிற்கும். சில மருத்துவமனைகளில் நைட்ரஸ் ஆக்ஸைடு கலந்த வாயுவை முகமூடி வழியாக மூச்சிழுக்கக் கொடுப்பார்கள். தேவைப்பட்டால் மயக்கவியல் மருத்துவரை வைத்து முழுத் தூக்கத்திலேயே செய்யலாம். குழந்தைகளுக்குப் பல மையங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், பெரியவர்களுக்கும் அதைக் கேட்கத் தடை எதுவும் இல்லை. மயக்கம் கொடுப்பதாக இருந்தால் பொதுவாக 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும், தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுவே கணக்கு. கூட ஒருவர் வர வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. உங்கள் சிகிச்சையில் முதுகுத் தண்டுவட நீரில் கீமோ ஊசி போடும் நாட்களும் இருக்கும். இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் முடியும்.

இன்னொன்றும் கேளுங்கள். மஜ்ஜைத் திரவம் மட்டும் எடுக்கிறார்களா, எலும்புத் துண்டும் எடுக்கிறார்களா? இரண்டும் வேறு வேறு. துண்டு எடுப்பதற்குத் தடித்த ஊசியைத் திருகி இறக்கி, ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுப்பார்கள். நோயைக் கண்டுபிடிக்கும் முதல் பரிசோதனையில் பெரும்பாலும் இரண்டுமே வேண்டியிருக்கும். உங்கள் வகை லுக்கீமியாவில் நடுவில் செய்யும் பரிசோதனைகளுக்குத் திரவம் மட்டும் போதும் என்கிற நிலை பல நேரம் உண்டு. அப்படியானால் இந்தத் தடவை முதல் தடவையைவிடச் சீக்கிரமே முடிந்துவிடும்.

நடுக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தடவை வலி சரியாகக் கவனிக்கப்படாமல் போனால், அடுத்த தடவை உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொள்ளும், அதே அளவு மருந்து குறைவாக வேலை செய்வதுபோல் இருக்கும். குழந்தைகளிடம் இது ஆய்வுகளிலும் பார்க்கப்பட்டிருக்கிறது, பெரியவர்களிடமும் நாங்கள் தினமும் பார்க்கிறோம். அதனால்தான் "ரெண்டு தடவை தாங்கிட்டீங்க, இன்னொரு தடவைதானே" என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தாங்கிக்கொள்வதால் இந்தச் சிகிச்சைக்கு எந்தப் பலனும் கூடுவதில்லை. பரிசோதனை நாளன்று மேசையில் படுத்த பிறகு சொன்னால் ஏற்பாடு செய்வது கஷ்டம். தேதி குறிக்கும்போதே, "முதல் தடவை எனக்கு மிகவும் வலித்தது, இந்தத் தடவை மயக்கம் வேண்டும்" என்று சொல்லி, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சரி, ரெமிஷன் வந்துவிட்டதே, பிறகும் எதற்கு?

ரெமிஷன் என்றால் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது மஜ்ஜையில் பிளாஸ்ட் செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கின்றன, ரத்த அணுக்களும் மீண்டு வருகின்றன என்று பொருள். உங்கள் 2 சதவீதம் நோய் என்று பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான மஜ்ஜையிலும் முதிராத செல்கள் அந்த அளவுக்கு இருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் உடம்பில் ஒரு லட்சம் கோடி லுக்கீமியா செல்கள் வரை இருக்கலாம். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டாலும் ஆயிரம் கோடி மிச்சம். மைக்ரோஸ்கோப்பின் கண்ணுக்கு அது ரெமிஷன். அந்த மிச்ச நோய்க்குத்தான் எம்.ஆர்.டி. என்று பெயர், அதைத் தேடுவதுதான் எம்.ஆர்.டி. பரிசோதனை. செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் பத்தாயிரம் செல்களில் ஒன்று, மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் லட்சத்தில் ஒன்று வரைக்கும் கண்டுபிடிக்க முடியும். பெரும்பாலான சிகிச்சைத் திட்டங்களில் எம்.ஆர்.டி. உண்டா இல்லையா என்பதற்கு 0.01 சதவீதம்தான் எல்லைக்கோடு.

உங்கள் வகையில் முதல் கட்டம் முடியும்போது, அதாவது நான்கு ஐந்து வாரத்தில் ஒரு தடவையும், அடுத்த கட்ட கீமோவுக்குப் பிறகு, ஏறக்குறைய மூன்றாவது நான்காவது மாதத்தில் இன்னொரு தடவையும் பார்ப்பது வழக்கம். உங்களுக்கு இப்போது சொல்லியிருப்பது அந்த இரண்டாவதாகத்தான் இருக்கும். மேற்கொண்டு என்ன என்பது இதன் முடிவை வைத்துத்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது. எம்.ஆர்.டி. இல்லை என்றால் இதே பாதையில் தொடரலாம், ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தேவைப்படாமலே போகலாம். இருந்தால் பிளினடுமோமாப் போன்ற மருந்து, மாற்றுச் சிகிச்சை என்று வேறு வழி யோசிப்பார்கள். தேவைக்கு அதிகமான சிகிச்சையிலிருந்து உங்களைக் காப்பாற்றுவதும் இந்தப் பரிசோதனைதான். இந்தப் பக்கத்தை நோயாளிகளிடம் நாங்கள் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை.

ரத்தத்தில் பார்க்க முடியாதா என்பது நியாயமான கேள்வி, சில நோய்களில் பதில் "முடியும்" என்பதுதான். நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாவில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் பி.சி.ஆர். பார்த்தே பல வருடம் கண்காணிக்கிறோம், மஜ்ஜையை அரிதாகத்தான் தொடுகிறோம். அக்யூட் மைலாய்டு லுக்கீமியாவில் சில மரபணு மாற்றங்களை ரத்தத்திலும் பின்தொடரலாம். உங்கள் வகை லுக்கீமியாவே, எந்த வெள்ளணுவில் தொடங்கியது என்பதைப் பொறுத்து பி செல், டி செல் என்று இரண்டாகப் பிரியும். அதில் டி செல் நோயில் ரத்தம் ஓரளவுக்கு மஜ்ஜையோடு ஒத்துப்போகும். பி செல் நோயில் மஜ்ஜையில் இருப்பதைவிட ரத்தத்தில் பத்து மடங்கு, சில நேரம் நூறு மடங்கு குறைவாகத் தெரியும். சந்தைக்கு வந்த தானியத்தைப் பார்த்து வயலில் களை எவ்வளவு என்று சொல்ல முடியாது, அதுபோலத்தான். ரத்தத்தில் தெரிந்தால் நம்பலாம். தெரியவில்லை என்பதை வைத்து மஜ்ஜையில் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. உங்களுடையது பி செல்லா, டி செல்லா, பிலடெல்பியா குரோமோசோம் என்ற மரபணு மாற்றம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து வரும் பரிசோதனைகளில் எதையாவது ரத்தத்துக்கு மாற்ற முடியுமா என்பது அதைப் பொறுத்தது.

சில நேரம் எடுத்த ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள். அந்த ஃபோன் வந்ததும் பலர் இடிந்துபோய்விடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் சாதாரணமாகவே இருக்கும். கீமோவால் மஜ்ஜை காலியாகி, முடிவு சொல்லும் அளவுக்குச் செல்கள் கிடைக்காமல் இருந்திருக்கலாம். மஜ்ஜை மீண்டு வரும்போது உருவாகும் இளம் பி செல்கள் லுக்கீமியா செல்களைப் போலவே தோற்றம் காட்டும். இரண்டையும் பிரித்தறியக் கொஞ்சம் நாள் கொடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளணு கூட்டும் ஊசி போட்டிருந்தாலும் இளம் செல்கள் அதிகமாகத் தெரியும். மஜ்ஜையில் ரத்தம் அதிகமாகக் கலந்துபோனாலும் எம்.ஆர்.டி. முடிவை நம்ப முடியாது. முதலில் உறிஞ்சிய ஒன்றிரண்டு மில்லியை எம்.ஆர்.டி.க்கு ஒதுக்க வேண்டும் என்பது அதனால்தான். "முதல் இழுப்பு எம்.ஆர்.டி.க்குத்தானே போகிறது?" என்று நீங்களே கேட்கலாம். கேட்டதற்காக எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொரு குத்தலை மிச்சப்படுத்தும் கேள்வி அது.

எலும்புக்குக் கெடுதலா என்றால், இல்லை. ஒரு தடவைக்கு எடுப்பது சில மில்லிதான், உடம்பு அதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இடது வலது என்று பக்கம் மாற்றி எடுத்தால் ஒரே இடம் மறுபடியும் புண்படாது; போன தடவை எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். கடுமையான ரத்தக்கசிவோ தொற்றோ ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. பிளேட்லெட் குறைவாக இருந்தாலும் இதைச் செய்யலாம், கூடுதல் நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்கள் என்றால் மட்டும் முன்பே கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை, விழுந்து அடிபட்டதுபோல் வலி இருக்கும். இப்யூபுரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், அவை பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும். பாராசிட்டமால் எடுக்கலாம், ஆனால் எடுக்கும் முன் காய்ச்சல் இருக்கிறதா என்று தெர்மாமீட்டரில் பாருங்கள். கீமோ நேரத்தில் காய்ச்சலை மாத்திரை மறைத்துவிட்டால் ஆபத்து. 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, கட்டை மீறி ரத்தம் கசிந்தாலோ, கால் மரத்துப்போனாலோ, இடுப்பு வலி நாளுக்கு நாள் கூடினாலோ உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

முடிவுகள் ஒரே நாளில் வராது. மைக்ரோஸ்கோப் அறிக்கை ஓரிரு நாளில் வரும், ஃப்ளோ சில நாளில் வரும், குரோமோசோம், மரபணு அறிக்கைகளுக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். எது எப்போது, யார் சொல்வார்கள் என்று அன்றே கேட்டுக்கொண்டால், ஃபோன் வராத ஒவ்வொரு நாளையும் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

கடைசியாக, வேண்டாம் என்று சொல்லலாமா? சொல்லலாம், அது உங்கள் உரிமை. யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இப்போதைய இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இது இல்லாமல் அடுத்த கட்டத்தை முடிவு செய்தால் உங்கள் மருத்துவர் பாதி இருட்டில்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். பின்னால் பராமரிப்புச் சிகிச்சையின்போது வரும் பரிசோதனைகள் வேறு. சில திட்டங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுக்கிறார்கள், சிலவற்றில் ரத்த அணுக்களில் மாற்றம் தெரிந்தால் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும், "இதன் முடிவு எப்படி வந்தால் என் சிகிச்சையில் என்ன மாறும்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் செய்துகொள்ளுங்கள். எதுவும் மாறாது என்று பதில் வந்தால், தள்ளிப்போடலாமா என்று பேச உங்களுக்கு முழு இடம் இருக்கிறது.