லிஃப்டில் எடை மாறுகிறது, இதயத்தில் கோளாறா?

கேள்வி: எனக்கு 57 வயது. வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன், இப்போது வீட்டில்தான். எறணாகுளத்தில் மகள் 9-ஆவது மாடியில் இருக்கிறாள். அங்கே லிஃப்ட் மேலே கிளம்பினால் கால் கனக்கிறது, கீழே கிளம்பினால் வயிறு நெஞ்சுக்கு ஏறுகிறது. பேரன் ஊசி வைத்த எடை மெஷினை லிஃப்டுக்குள் வைத்து என்னை நிற்கச் சொன்னான். 60 கிலோ இருக்கும் எனக்கு, மேலே கிளம்பும்போது 65 காட்டியது, மேலே போய் நிற்கப்போகும்போது 55. இதை இதயம் தாங்குமா? பயந்துபோய் படியேறித்தான் போகிறேன், முழங்கால் வலிக்கிறது. 2 மாதத்துக்கு முன் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். காலையில் கட்டிலை விட்டு எழுந்தாலும் கிறுகிறு என்று வருகிறது.

பதில்: அம்மா, முதலில் பேரனைப் பாராட்டுங்கள். அவன் செய்தது சரியான சோதனை, மெஷின் காட்டியதும் சரி. ஆனால் உங்கள் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த மெஷினுக்குள் இருப்பது ஒரு வில். அது எவ்வளவு அமுங்குகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நின்றிருக்கும் லிஃப்டில் தரை உங்களைத் தாங்கினால் போதும், ஊசி 60-இல் நிற்கும். மேலே கிளம்பும்போது தாங்குவதோடு உங்களை மேலே தள்ளவும் வேண்டும், வில் கூடுதலாக அமுங்குகிறது, 65. பூமியின் ஈர்ப்பு விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் வேகம் கூட்டக்கூடியது. லிஃப்ட் அதோடு 0.8 சேர்த்தால் 60 கிலோ ஆளுக்கு 5 கிலோ கூடத்தான் காட்டும். அப்புறம் ஒரே வேகத்தில் போகும்போது மறுபடி 60, அது ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. மாடி வந்து வேகம் குறையும்போது 55. இறங்கும்போது பார்த்திருந்தால் தலைகீழாக, கிளம்பும்போது 55, நிற்கும்போது 65 வந்திருக்கும். மெஷினை ஆட்டுவது வேகம் இல்லை, வேகம் மாறுவதுதான்.

ஸ்டோரில் காயை எடை போடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு தட்டுத் தராசை லிஃப்டுக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? காய்த் தட்டும் கல் தட்டும் ஒரே மாதிரி கனக்கும், ஒரே மாதிரி லேசாகும், முள் அசையவே அசையாது. அந்தத் தராசு காட்டுவதுதான் உங்கள் உடம்பில் உண்மையில் இருக்கும் அளவு, அது 60 கிலோதான், எங்கேயும் எப்போதும்.

சரி, வயிறு ஏன் எழும்புகிறது? குடலும் வயிறும் மெல்லிய சவ்வுகளில் தொங்கிக்கொண்டிருக்கின்றன, லிஃப்ட் கீழே கிளம்பும்போது அந்தத் தொங்கல் ஒரு கணம் தளர்கிறது, நரம்புகள் அதை உடனே மூளைக்குச் சொல்கின்றன. வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது கூச்சல் போடுகிறார்களே, அதே உணர்ச்சிதான். உள்காதிலும் 2 சிறு பைகள் உண்டு. அதில் பசைபோன்ற படலத்தின் மேல் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும், அதில் ஒரு பை மேல் கீழ் அசைவைக் கவனிப்பதற்கென்றே இருப்பது மாதிரி. மூடிய லிஃப்டில் கண் சுவரைப் பார்த்து 'அசையவில்லை' என்கிறது, காது 'அசைகிறோம்' என்கிறது, இந்தச் சண்டையில்தான் சிலருக்குக் குமட்டல் வருகிறது. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு பஸ் வளைந்து ஏறும்போது செல்போனைப் பார்த்தால் வாந்தி வருவதும் இதனால்தான். இதை உணர்கிறீர்கள் என்றால் உங்கள் காதும் நரம்பும் வேலை செய்கின்றன என்று பொருள்.

இதயத்துக்கு வருகிறேன். இதயத்திலிருந்து மூளைக்கு உயரம் சுமார் 30 செ.மீ., ரத்தம் அந்த உயரம் ஏற வேண்டிய அழுத்தம் கிட்டத்தட்ட 22 மி.மீ. பாதரசம். லிஃப்ட் அதை மாற்றுவது 2 மி.மீ. அளவுக்கு, அதுவும் ஓரிரு விநாடி. ஒரு இருமலுக்கு அதைவிட அதிகமாக மாறும். உண்மையில் இதயத்தைச் சோதிப்பது படிக்கட்டுதான். 9 மாடி ஏறும்போது நெஞ்சை அடைத்தாலோ, இடது கையோ தாடையோ வலித்தாலோ, வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ உடனே காட்டுங்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றாலும் முழங்காலை வதைக்காமல் லிஃப்டிலேயே போங்கள். கம்பியைப் பிடித்து, காலைக் கொஞ்சம் அகட்டி, மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடுத்து வரப்போவதற்கு உடம்பு தயாராகிவிடும்.

என்னை யோசிக்க வைத்தது நீங்கள் கடைசியாக எழுதிய இரண்டு விஷயங்கள்தான், மாத்திரை கூட்டியதும் காலைக் கிறுகிறுப்பும். படுத்திருந்து எழும்போது அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி ஈடுசெய்ய வேண்டும், சில பிரஷர் மாத்திரைகள் அதைத் தாமதப்படுத்தும். லிஃப்டின் 2 மி.மீ. இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அதனால் 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1-ஆவது நிமிடமும் 3-ஆவது நிமிடமும் என்று பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதுவரை காலையில் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கால் விரல்களை மடக்கி நீட்டிவிட்டு எழுங்கள்.

கிறுகிறுப்பு எழும்போது இல்லாமல் படுக்கையில் புரளும்போது அறையே சுற்றுவது மாதிரி வந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால், அது வேறு. நான் சொன்ன காதுத் துகள் இடம் மாறியிருக்கலாம், தலையைச் சில கோணங்களில் திருப்பிச் செய்யும் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகும். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலம் குறைவது, திடீரென்று காது கேட்காமல் போவது, இதில் எது சேர்ந்து வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எதைக் கூட்டினார்கள் என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.